கப்பற் பிரயாணிகளின் காப்புப் பயிற்சி

உல்லாசப் பயணத்திற்கென அமைந்த பெருங்கப்பலொன்று துறைமுகத்தை விட்டுப் புறப்படுமுன் அதன்கண் ஓர் ஒலி எழுவதுண்டு. குறுகிய ஊதல்கள் ஏழு. அவற்றையடுத்து நீண்ட ஊதல் ஒன்று. இவ்வொலி செவிப்பட்டவுடன் பிரயாணிகள் யாவரும் தாம் செய்துகொண்டிருக்கும் செயலை அவ்வாறே நிறுத்திவிட்டு, தத்தமக்கெனக் குறிக்கப்பட்ட இடத்திற்குச் சென்று கூடுதல் வேண்டும் என்பதே நெடுநாள் வழக்கம். விருந்துண்ணவும் வேடிக்கை காணவும் பெரும்பொருள் கொடுத்து வந்தவர்கட்கு, அறையிற் பெட்டியை இறக்கிவைத்த சிறிது நேரத்திற்கெல்லாம் இவ்வழைப்பு வருமாயின் அஃது எத்துணைக் கசப்பாயிருக்குமென்று கூறவேண்டுவதில்லை. முகஞ்சுளித்துக்கொண்டு வருவாரும், கையிற் பானக் கிண்ணத்துடன் வருவாரும், வந்து நின்றும் அயலாரோடு உரையாடிக்கொண்டு ஒன்றையும் கேளாதாரும் பலர். இவ்வரைமணி நேரச் சடங்கு எதன்பொருட்டு ஏற்பட்டது? அண்மையாண்டுகளில் அது யாங்ஙனம் மாறி வருகின்றது? மாற்றத்தினால் விளைந்தது ஆக்கமா, இழப்பா? இவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். ஆங்கிலேயர் இதனை ‘மஸ்டர் டிரில்’ என்பர். மஸ்டர் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ஆலைகளிலும் பொதுப்பணித்துறை வேலைகளிலும் ஆட்களின் வருகையைக் குறிக்கும் ஏட்டினை ‘மஸ்டர் ரோல்’ என்று நம்மவர் வழங்கக் கேட்டிருக்கின்றோம். ஆட்களை ஒருங்கே திரட்டி எண்ணிப் பார்த்தல் என்பதே அதன் பொருள். தமிழில் ‘கூடுகைப் பயிற்சி’ எனின் செயல் விளங்கும். ‘காப்புப் பயிற்சி’ எனின் பயன் விளங்கும். நிலைத்த பெயரொன்று வழக்கில் ஊன்றும்வரை இரண்டனையும் ஆளுவதிற் பிழையில்லை.

எனக்கு இப்பொருளில் நாட்டம் உண்டானது நூல்வழியன்று. என் தாய்மாமன் பல்லாண்டுகளாக இத்தகைய கப்பலொன்றில் பிரயாணிகளின் அறைகளைப் பேணும் பணியில் இருக்கின்றார். விடுமுறையில் ஊர் வருங்கால் அவர் சொல்லும் செய்திகளிற் பெரும்பாலன விருந்துகளையும் விந்தைகளையும் பற்றியனவே. ஒருமுறை, “அபாய ஒலி கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள், மாமா?” என்று வினவினேன். சிறிதும் சிந்தியாது, “நாலாம் தளத்துப் படிக்கட்டில் போய் நிற்பேன்” என்றார். “படகுக்குப் போகமாட்டீர்களா?” என்றேன். “எனக்குக் கொடுத்த இடம் படிக்கட்டுத்தானே” என்று கூறிவிட்டு உணவிற் கை வைத்தார். அன்றுமுதல் அப்படிக்கட்டு என் மனத்தை விட்டு அகலவில்லை.

இனிப் பயிற்சியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1912-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 14-ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியதையும், ஏறக்குறைய 1,500 பேர் மாண்டதையும் அறியாதார் இலர். அதிலிருந்த மக்கள் 2,200-க்கு மேற்பட்டோர், உயிர்ப்படகுகள் 20, அவற்றில் இருக்கத்தக்கவர் 1,178 பேரே. அக்காலத்துச் சட்டம் படகுகளின் தொகையைக் கப்பலின் எடைகொண்டு கணித்ததேயன்றி ஆட்களின் தொகைகொண்டு கணிக்கவில்லை. டைட்டானிக்கோ சட்டம் வேண்டியதைக் காட்டினும் நான்கு படகுகளை மிகுதியாகவே வைத்திருந்தது! படகுக் குறையைப்பற்றி உலகம் நிரம்பப் பேசியிருக்கின்றது. ஆனால் இருந்த படகுகளும் நிரம்பிச் செல்லவில்லை என்பதை அத்துணைப் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலில் இறக்கப்பட்ட படகு 65 பேர்க்கு உரியது. அதிற் சென்றவர் ஏறக்குறைய 28 பேர். 40 பேர்க்குரிய வேறொரு படகில் பன்னிருவரே சென்றனர். பிழைத்தவர் ஏறத்தாழ 710 பேர் எனின், நானூற்றைம்பதுக்கு மேற்பட்ட இடங்கள் வெறுமையாய்ப் போயின என்பது வெளிப்படை.

இஃது ஏன் நிகழ்ந்தது? பிரயாணிகட்கு இன்னார்க்கு இன்ன படகென்று முன்னரே அறிவிக்கப்படவில்லை. ஒளியும் வெம்மையும் நிறைந்த பெருங்கப்பலை விட்டு இருண்ட கடலில் ஊசலாடும் சிறு படகில் ஏற அவர்கள் அஞ்சினர். அதிகாரிகளுட் சிலரோ, ஆட்கள் நிறைந்த படகினைக் கயிற்றால் இறக்கின் அது பாரந்தாங்காது முறியுமோவென்று ஐயுற்றனர். சௌதாம்ப்டன் துறையில் ஆய்வாளர் முன்னிலையில் இறக்கிக் காட்டப்பட்ட படகுகள் இரண்டே; அவற்றில் ஏறினவரும் கப்பலாட்களே. ஒருநாளேனும் பிரயாணிகளைப் படகருகே அழைத்துச்சென்று, “இஃது உங்களுடையது, இது தாங்கும்” என்று காட்டியிருப்பின் அவ்விரவு எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்குமோ!

இப்பேரிழப்பின் பயனாக 1914-ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் மாநகரிற் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, கடலில் உயிர்களைக் காத்தற்குரிய உடன்படிக்கையொன்றை இயற்றினர். கப்பலிலுள்ளார் அனைவர்க்கும் படகில் இடம் வேண்டும், பயிற்சி வேண்டும் என்பன அதனுள் அடங்கின. அவ்வாண்டே மூண்ட பெரும்போர் அதனை நடைமுறைக்கு வாராமற் செய்தது. பின்னர் 1929, 1948, 1960, 1974 ஆகிய ஆண்டுகளில் அது புதுக்கப்பெற்றது. 1974-ஆம் ஆண்டின் உடன்படிக்கையே பற்பல திருத்தங்களுடன் இன்றும் ஆட்சியில் உள்ளது.

படகுகள் போதுமானவாயிருந்தாற் போதும் என்று எண்ணியவர்கட்கு இரண்டு நிகழ்ச்சிகள் விடை கூறின. 1915-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கியினால் தாக்கப்பட்ட லூசிட்டானியாவில் மடக்குப் படகுகளும் உட்பட 48 படகுகள் இருந்தன; அனைவர்க்கும் அவை போதும். ஆயின் கப்பல் பதினெட்டு நிமிடங்களில் மூழ்கிற்று. சாய்ந்த பக்கத்திற் படகுகள் கப்பலை விட்டு எட்டத் தொங்கின. எதிர்ப்பக்கத்திற் கப்பலின் உடல்மீதே உராய்ந்தன. செவ்வையாக நீரில் இறங்கித் தப்பியவை ஆறே. ஏறக்குறைய 1,200 பேர் மாண்டனர்.

மற்றொன்று 1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் விடியற்கு முன், ஹவானாவிலிருந்து நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்த மாரோ காசில் என்னும் உல்லாசக் கப்பலில் நேர்ந்த தீ விபத்து. 137 பேர் இறந்தனர். கரையிலிருந்து சில மைல் தொலைவிலேயே இக்கொடுமை நிகழ்ந்தது. ஆறு படகுகள் இறக்கப்பட்டன. அவற்றில் நானூறு பேர்க்கு மேல் இடமிருந்தும் சென்றவர் 85 பேர் மட்டுமே, அவருட் பெரும்பாலோர் கப்பற் பணியாளர். உயிர்காப்பு அங்கியை அணிந்து குதிக்கும் முறை அறியாது உயரத்திலிருந்து கடலிற் பாய்ந்தவர் சிலர், நீரில் விழுந்த வேகத்தில் அவ்வங்கியே கழுத்திலும் மோவாயிலும் மோதியதனால் உணர்விழந்தும் உயிரிழந்தும் மிதந்தனர். உயிரைக் காக்கும் கருவியே, பயன்படுத்தும் வகை தெரியாதார்க்கு உயிரை வாங்கும் கருவியாயிற்று.

இன்றைய விதிகளுள் ஒன்றை இங்கே எடுத்துக் காட்டுதல் வேண்டும். அஃது அறியின் கூடுகையின் இன்றியமையாமை தானே புலனாகும். பிரயாணிகளும் பணியாளரும் நிறைந்த படகுகள் யாவும், கப்பலைக் கைவிடுக என்னும் கட்டளை பிறந்த 30 நிமிடங்களுக்குள் இறக்கப்படத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. கேட்டவுடன் இது மிக்க ஆறுதல் தருகின்றது. ஆனால் அம்முப்பது நிமிடங்கள் தொடங்குவது எப்போது? மக்கள் அனைவரும் அங்கியணிந்து, கூடுமிடத்தில் நின்று, எண்ணப்பட்ட பின்னரே. அதற்கு முன், உறங்குவோர் விழித்து, உடுத்து, குழந்தையைத் தேடி, முதியோரைத் தாங்கி, பத்துப் பன்னிரண்டு தளங்களிலிருந்து படிவழி இறங்கிவரும் நேரம் இக்கணக்கிற் சேராது. கருவிகளின் வேகத்தைப் பொறியியலார் உறுதி கூறலாம். மனிதர் நடக்கும் வேகத்தை யார் உறுதி கூறுவார்? அப்பொறுப்பு முழுதும் இப்பயிற்சியின் தலையிலேயே விழுகின்றது. கூடுமிடத்தில் ஆட்களை எண்ணுவதும் வீண் சடங்கன்று. இன்ன அறையார் வரவில்லை என்று தெரிந்தாலன்றோ அவர்களைத் தேடி ஆள் அனுப்ப இயலும்?

இனி நம் காலத்து நிகழ்ச்சிக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் மாலை, கோஸ்டா கான்கார்டியா என்னும் கப்பல் இத்தாலியிலுள்ள சிவித்தாவெக்கியாத் துறையிலிருந்து சவோனாவை நோக்கிப் புறப்பட்டது. அதில் இருந்தோர் 4,229 பேர். இக்கப்பலின் பயணம் ஒரு வட்டம் போன்றது. பிரயாணிகள் வெவ்வேறு துறைகளில் ஏறி வெவ்வேறு துறைகளில் இறங்குவர். சிவித்தாவெக்கியாவில் அன்று புதிதாய் ஏறினவர் ஏறக்குறைய 700 பேர். அவர்கட்குரிய கூடுகைப் பயிற்சி மறுநாள் சவோனாவில் நடைபெறவிருந்தது. இதில் விதிமீறல் யாதும் இல்லை என்பதை நோக்குக. கப்பலேறிய 24 மணி நேரத்திற்குள் பயிற்சி அளித்தாற் போதும் என்பதே அந்நாளைய விதி. விதி இருபத்துநான்கு மணி நேரம் கொடுத்தது. கடல் மூன்று மணி நேரங்கூடக் கொடுக்கவில்லை.

இரவு 9.45 மணி. பலர் உணவருந்திக்கொண்டிருந்தனர். ஜில்லியோத் தீவிற்கு மிக அணுக்கமாய்க் கப்பலைச் செலுத்தினான் மீகாமன். அடியிலிருந்த பாறை இடப்புறத்தைக் கிழித்தது. இயந்திர அறைகளில் நீர் புகுந்தது, விளக்குகள் அவிந்தன. மின்னாற்றற் பழுதே நேர்ந்தது என்று பிரயாணிகட்கு அறிவிக்கப்பட்டது. ஏழு குறுவொலியும் ஒரு நெட்டொலியும் எழுந்தபோது மணி 10.33. கப்பலைக் கைவிடும் கட்டளை பிறந்தபோது 10.54. மோதியதற்கும் கட்டளைக்கும் இடையே ஒரு மணி நேரத்திற்கு மேல் வீணாய்க் கழிந்தது. அதற்குள் கப்பல் வலப்புறம் சாயத் தொடங்கிவிட்டமையால் இடப்புறத்துப் படகுகளை இறக்குதல் அரிதாயிற்று. மேலும் சாய்ந்தபோது, மக்கள் நடந்து பழகிய குறுக்கு நடைபாதைகள் ஆழ்ந்த கிணறுகளாயின. 32 பேர் இறந்தனர். இறந்த பணியாளருள் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. பிரயாணிகள் இன்னும் கப்பலில் இருக்கவே அதனை விட்டு நீங்கிய மீகாமன் 2015-ஆம் ஆண்டில் பதினாறாண்டுச் சிறைத்தண்டம் பெற்றான்.

பயிற்சி பெறாமையே இம்முப்பத்திருவரின் சாவுக்குக் காரணமென்று கூறின் அது நேர்மையாகாது. பயிற்சி பெற்றவரும் அன்றிரவு இருளில் அலைந்தனர். தலைவன் கட்டளையிடத் தயங்கின், நன்கு பயின்ற கூட்டமும் வாளாநின்று காத்திருக்கவே செய்யும். ஆயினும் தம் கூடுமிடம் யாது, அங்கி எங்கே உளது, எவ்வொலிக்கு என்ன பொருள் என்று ஒருமுறையேனும் கேட்டறியாத எழுநூறு பேர் ஓர் இருண்ட கப்பலில் இருந்தனர் என்பது உலகத்தின் மனத்தைச் சுட்டது. அவ்வாண்டுப் பிப்பிரவரியிலேயே, அஃதாவது ஒரு திங்கள் நிரம்புமுன், உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் இனிக் கப்பல் புறப்படுமுன்னரே பயிற்சி நடத்துவதென்று தானே முன்வந்து முடிவு செய்தது. உடன்படிக்கையும் 2013-இல் திருத்தப்பெற்று, 2015 சனவரி முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்தது. புதிதாய் ஏறிய பிரயாணிகளின் கூடுகை, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனே நடைபெறல் வேண்டும் என்பதே திருத்தத்தின் சாரம். சொல்லளவில் மிகச் சிறிய மாற்றம். அதன் விலையோ முப்பத்திரண்டு உயிர்கள்.

காலத்தை முன்தள்ளிய அம்மாற்றத்திற்குப் பின் முறையையே புரட்டிய மாற்றம் வந்தது. பழைய முறையின் குறைகளை மறைத்துப் பயனில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெயிலில் நெருங்கி நிற்பர், முதியோர்க்குக் கால் கடுக்கும், குழந்தைகள் அழும், ஒலிபெருக்கியில் வரும் அறிவுரை பாதியேனும் காதில் விழாது. அங்கியணிந்து வரச் சொன்ன காலத்தில், தொங்கும் நாடாவை மிதித்துப் படிக்கட்டில் இடறியவரும் உண்டு. அதனால் நிறுவனங்கள் பல, பயிற்சிக்கு அங்கியின்றி வந்தாற் போதுமென்றன. மிகப் பெருங்கப்பல்கள் சிலவற்றில் அங்கிகளை அறைகளில் வையாது கூடுமிடத்திலேயே வைத்து, அங்குப் பணியாளரே வழங்க ஏற்பாடாயிற்று. இது நல்ல மாற்றம் என்றே கருதுகின்றேன். உணவுக்கூடத்திலிருப்பவன் அங்கியை எடுப்பதற்காக ஒன்பதாம் தளத்து அறைக்கு ஏறுவானாயின், இறங்குவோர் வெள்ளத்திற்கு எதிர்நீச்சல் அடிக்க வேண்டியவனாவான்.

2020-ஆம் ஆண்டுப் பெருநோய், கூட்டத்தையே அபாயமாக்கிற்று. பிப்பிரவரியில் ஜப்பான் நாட்டு யோக்கோகாமாத் துறையில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் என்னும் கப்பலில் இருந்த 3,711 பேருள் எழுநூற்றுவர்க்கு மேற்பட்டார் கொரோனா நோய்க்கு ஆட்பட்டனர். மார்ச்சு மாதத்தில் உலகெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. மீண்டும் பயணம் தொடங்குங்கால், ஆயிரம் பேரைத் தோளொடு தோள் நிறுத்திக் காப்புப் பயிற்சி கொடுத்தல் நகைப்பிற்கு இடமாகும் அன்றோ? ராயல் கரீபியன் என்னும் பெருநிறுவனம் பெருநோய்க்கு முன்னரே எண்ணி வைத்திருந்த புதிய முறையொன்றை 2020 ஜூலையில் வெளியிட்டது. பிற நிறுவனங்களும் அதனையோ அதனையொத்த முறைகளையோ மேற்கொண்டன.

புதிய முறை இவ்வாறு நடைபெறும். பிரயாணி தன் கைப்பேசியிலோ அறையிலுள்ள தொலைக்காட்சியிலோ, அங்கியணியும் விதத்தையும் அபாய ஒலியையும் விளக்கும் படத்தைக் காண்கின்றான். பின்னர்க் கப்பல் புறப்படுமுன் தனக்கு வாய்த்த நேரத்தில் தன் கூடுமிடத்திற்குத் தானே நடந்து செல்கின்றான். அங்கு நிற்கும் பணியாளர் அவனது அட்டையைக் கருவியாற் படித்து வருகையைப் பதிவு செய்து, ஐயமிருப்பின் விளக்குகின்றார். சில நிமிடங்களிற் காரியம் முடிந்துவிடும். எவ்வெவ்வறையார் இன்னும் வரவில்லை என்பது அலுவலர்க்குக் கணத்திற் புலனாகும். வராதவரை விடாது அழைப்பர். சிறுவர்களின் மணிக்கட்டில் அவர்தம் கூடுமிடத்தின் குறியெழுத்துப் பொறித்த பட்டையைக் கட்டும் வழக்கம் பல கப்பல்களில் முன்போலவே உள்ளது.

இம்முறையில் நன்மைகள் பல என்பதை ஒப்புகின்றேன். நானூறு பேர் நடுவே நின்று கேளாத அறிவுரையை, தன் மொழியில், தன் அறையிலிருந்து, வேண்டின் மறுமுறையும் கேட்கலாம். செவிப்புலன் குறைந்தோர் எழுத்திற் படிக்கலாம். பணியாளரொருவரை நேருக்கு நேர் கண்டு, “என் தாயாரால் படியிறங்க இயலாதே, என் செய்வது?” என்று கேட்க முடிகின்றது, கூட்டத்தில் இவ்வினா வாயிலேயே மடிந்துபோகும். கூட்டத்திற்குப் போதித்தலினும் ஒருவனுக்குப் போதித்தல் சிறப்பென்பதை வகுப்பறையில் நாம் அறியாததா?

எனினும் இழப்பும் உண்டு. அஃது எளிதிற் கண்ணிற்படாத இழப்பு. தனியே நடந்து செல்பவன் வழியை அறிகின்றான்; நெரிசலை அறிகிலன். வெறும் படிக்கட்டு மூன்று நிமிடத்தில் இறங்கத்தக்கது. இரண்டாயிரம் பேர் ஒருங்கே இறங்கும் படிக்கட்டு அதுவன்று. போதாக்குறைக்கு, ஓய்வாகச் செல்பவன் மின்தூக்கியில் ஏறிக் கூடுமிடத்தை அடைவானாயின் அவன் அறிந்த வழி எவ்வழி? அபாய காலத்தில் மின்தூக்கியைத் தொடலாகாது என்பதன்றோ முதற் பாடம்! படத்தை ஓடவிட்டு அவன் முகங்கழுவச் சென்றிருப்பினும் கருவி அதனைப் பார்த்ததாகவே குறிக்கும். அட்டை பதிவாயிற்று என்பதும் பாடம் பதிந்தது என்பதும் ஒன்றாகா. இவையெல்லாவற்றினும் பெரிது வேறொன்று: பழைய பயிற்சி பிரயாணிகட்கு மட்டும் உரியதன்று, பணியாளர்க்கும் அதுவே பயிற்சி. எந்தத் திருப்பத்தில் கூட்டம் தேங்குகின்றது, எந்தக் கதவருகே குழந்தைகள் பிரிகின்றனர், எத்துணை உரத்துக் கூவினாற் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பவற்றையெல்லாம் அவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் நேரிற் கண்டனர். படகுகளும் முன்போலில்லை. டைட்டானிக்கின் படகு 65 பேர்க்கு. ஓயசிஸ் என்னும் பெருங்கப்பலினத்தின் படகு ஒன்றே 370 பேர்க்கு. முந்நூற்றெழுபது பேர் ஒரு வாயிலின்முன் வரிசையாய் நிற்பதைக் கண்டிராத பணியாளர், முதன்முறை அதனைக் காண்பது அபாயத்தின் நடுவிலேயாக நேரிடலாம்.

கூடுகை என்பது இக்காலத்தும் ஏட்டளவில் நிற்கும் பொருளன்று என்பதற்கு 2019-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் சான்றாகும். நார்வேக் கடற்கரையருகே வைக்கிங் ஸ்கை என்னும் கப்பல் புயலிடை இயந்திரம் நின்று பாறைகளை நோக்கி ஒதுங்கலாயிற்று. 1,373 பேர் அதில் இருந்தனர். அபாய ஒலி கேட்டு மக்கள் கூடுமிடங்களில் திரண்டனர். அவற்றுள் ஒன்றாகிய உணவுக்கூடத்தினுள் அலை உடைத்துப் புகுந்தது. நாற்காலிகளும் மேசைகளும் மனிதரும் ஒருசேர நீரிற் புரண்டனர். அக்கூட்டத்தை வேறிடத்திற்கு மாற்ற வேண்டியதாயிற்று. படகுகளை இறக்குதற்கியலாத கடல் அது. ஹெலிகாப்டர்கள் வந்து 479 பேரை ஒவ்வொருவராய்த் தூக்கிச் சென்றன; மறுநாள் கப்பல் துறையடைந்தது. ஓர் உயிரும் போகவில்லை. எண்ணிக்கையிட்ட கூட்டமாய், ஒழுங்காய் மக்கள் மணிக்கணக்கில் காத்திருந்ததே அவ்விரவின் பேருதவி. குறித்த இடமே தவறிப்போகலாம், அப்போது அடுத்த இடத்திற்கு இட்டுச்செல்லப் பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதையும் அவ்விரவே காட்டிற்று. கைப்பேசிப் படத்தில் இப்பகுதி இராது.

ஆகவே இருமுறையும் கலந்ததொரு வழியே தக்கதென என் சிற்றறிவிற்குப் படுகின்றது. அறிவுரையைத் தனித்தனியே கேட்கட்டும்; அட்டையைப் பதிவு செய்யட்டும்; ஆயின் பயணத்தில் ஒருமுறையேனும், ஏழு குறுவொலியும் ஒரு நெட்டொலியும் மெய்யாகவே எழ, யாவரும் மின்தூக்கியின்றிப் படிவழியே ஒருங்கே இறங்கட்டும். அரைமணி நேரம் போகும், சிலர் முணுமுணுப்பர். புதிய முறையைப் பிரயாணிகள் பெரிதும் விரும்புகின்றனர் என்று நிறுவனங்கள் கூறுகின்றன. விரும்புவர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. மருந்து கசப்பின்றி இருப்பதை விரும்பாதார் யார்?

சென்ற விடுமுறையில் மாமன் வந்திருந்தபோது, புதிய முறை அவர்க்கு எவ்வாறிருக்கின்றது என்று கேட்டேன். வேலை எளிதாயிற்று என்றார். பணியாளர்க்குரிய வாரப் பயிற்சி முன்போலவே நடைபெறுகின்றதாம். கப்பல் துறையில் நிற்க, பிரயாணிகள் ஊர் காணக் கரையிறங்கிய பின்னர், பணியாளர் தத்தம் இடங்களில் சென்று நிற்பார்கள். அவரும் ஒளிரும் தொப்பியணிந்து நாலாம் தளத்துப் படிக்கட்டில் நின்று, கையை நீட்டி வழிகாட்டி, “இப்படி வாருங்கள், ஓடாதீர்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று கூவுவாராம். “யாரைப் பார்த்து?” என்றேன். “யாரும் இருக்கமாட்டார்கள், வெறும் படிதான்” என்றார்.